என் வீட்டுக்காரர் தேடிய கோளாறு

என் வீட்டுக்காரர் நார்பர்ட் லைக்கருக்கு மனிதர்களை அடையாளம் தெரியாது. வண்டிகளைத்தான் தெரியும். முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற ஊரில் அறுபத்தொரு வருஷமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒருவர் கைகொடுத்து, பேசி, சிரித்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் இவர் என் பக்கம் குனிவார்.

"யாரு அது?"

"ரேமண்ட். உன்கூட எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவன்."

"பச்சை பிக்கப்பா? பின்னாடி இடது சக்கரத்துல பேரிங் உறுமிக்கிட்டே இருக்குமே, அந்த ரேமண்டா?"

இப்படி ஒருவரோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மேற்கு கான்சஸில் மெக்கானிக் பெண்டாட்டியாக இருப்பது என்றால் பாதி வேலை போன் எடுப்பது, மீதி வேலை மன்னிப்புக் கேட்பது. "நேத்து நார்பர்ட் எதிர்ல வந்தாரு, கண்டுக்கவே இல்லையே, என் மேல ஏதாவது கோவமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். கோபமெல்லாம் இல்லை. சாலையில் போகும்போது அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பது அவருடைய சொந்த அண்ணனாக இருந்தாலும் அவருக்கு அது ஒரு தேய்ந்த பெல்ட்தான்.

எங்கள் பட்டறையில் இரண்டு வண்டி நிற்கும். முன்பக்கம் எனக்கு ஒரு மேஜை, ஒரு போன், ஒரு காபி மிஷின். வருகிறவர்கள் என்னோடு ஊர்க்கதை பேசுவார்கள், அவரிடம் சாவியைக் கொடுப்பார்கள். அவர் ஒரு வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பெயர்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து. அதுவே ஒரு அக்டோபர் மாதம் கழுத்துக்குச் சுருக்காக வந்தது.

சோள அறுவடை தொடங்கியிருந்த சமயம். அல்வைனா வாசிங்கர் தன் பழுப்பு நிறக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எழுபத்துநாலு வயது. முப்பத்தொரு வருஷம் எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவள். ஒரு கீறல் கிடையாது, பனியில் ஒரு நாள் சறுக்கியது கிடையாது. நார்பர்ட்டும் அந்த பஸ்ஸில் போனவர்தான். இன்னும் அவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

"நார்பர்ட், இந்தக் காரு என்னை மதிக்க மாட்டேங்குது."

"என்ன பண்ணுது?"

"அறுபத்தஞ்சுல குரூஸ் போட்டு விடறேன். கொஞ்ச தூரம் ஒழுங்கா போகுது. அப்புறம் திடீர்னு விட்டுடுது. நான் பிரேக்கைத் தொடல, எதையும் தொடல. தானா விட்டுடுது."

"எப்போ விடுது?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உன்கிட்ட வர்றேன்?"

குரூஸ் என்பது அல்வைனாவுக்குச் சொகுசு இல்லை. அதைப் போட்டுவிட்டால் வேகத்தைக் கார் தானே பிடித்துக்கொள்ளும், காலுக்கு வேலை இல்லை. அவளுடைய வலது முழங்காலில் இப்போது இருப்பது இரும்பு. அரை மணி நேரத்துக்கு மேல் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் வியாழக்கிழமைதோறும் அவள் தெற்கே தொண்ணூற்றிரண்டு மைல் போயாக வேண்டும். அங்கே ஒரு காப்பகத்தில் அவள் புருஷன் எல்மர் இருக்கிறார். மறதி நோய் முற்றிப்போனவர். மனைவி பெயர் மறந்துவிட்டது, ஆனால் அவள் செய்துகொண்டு போகும் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் உள்ளே வைத்துச் சுட்ட பீராக் ரொட்டியைப் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டுவார். அதற்காகத்தான் அவள் போகிறாள்.

குரூஸ் கழன்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் பார்ப்பது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்விட்சைத்தான். பெடலைத் தொட்டதும் குரூஸை விடச் சொல்வது அதுதான். அது தளர்ந்திருந்தால் மேடு பள்ளத்தில் கார் குலுங்கும்போதே கால் பட்டது மாதிரி நினைத்துக்கொள்ளும். நார்பர்ட் புதிதாக ஒன்றைப் போட்டார், கையைத் துடைத்தார், சாவியைக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அல்வைனா திரும்பி வந்தாள்.

"எட்டு தடவை விட்டுச்சு. போகும்போது அஞ்சு, வரும்போது மூணு. ஒரு தடவை பின்னாடி மாட்டு லாரி. என் வேகம் சட்டுனு குறைஞ்சதுல அவன் ஹாரனை அமுக்கிக்கிட்டே சோளக்காட்டுப் பக்கம் ஒதுங்கினான். உயிர் போய் உயிர் வந்துச்சு."

நார்பர்ட் காரை மூன்று நாள் வைத்துக்கொண்டார். தன் கருவியைச் சொருகிப் பார்த்தார். எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. வேகத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கும் நாடா மாதிரி ஒயரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிச் சோதித்தார். ஸ்டீயரிங் மேல் இருக்கும் குரூஸ் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். போடு என்றால் போட்டது, விடு என்றால் விட்டது. அறுவடைத் தூசி எங்கேயாவது புகுந்திருக்கும் என்று காற்றடித்துச் சுத்தம் செய்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் அறுபது மைல் போய் அறுபது மைல் வந்தார். ஒரு தடவைகூட விடவில்லை. சரி, சாலைதான் காரணமோ என்று அல்வைனா போகிற அதே ரெண்டு வழிச் சாலையில் தனியாக இருபது மைல் போய் இருபது மைல் வந்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது.

அன்றைக்குத்தான் டெனிஸ் எனக்குப் போன் செய்தாள். அல்வைனாவின் ஒரே மகள். முக்கால் மணி நேரத் தூரத்தில் ஹேஸ் நகரத்தில் இருக்கிறாள், நல்ல பெண்.

"ஜோலின், ஒளிக்காம சொல்லுங்க. காருல ஏதாவது இருக்கா?"

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்காரு."

"அப்போ இல்ல. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா? பிக்கப் தானா திரும்புது, தானா திரும்புதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நார்பர்ட் நாலு நாள் வெச்சுப் பாத்துட்டு, வண்டியில ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாரு. அவரு சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. இப்பவும் அவரு என்ன எழுதறாரோ அதுதான். ஒண்ணும் இல்லைன்னு எழுதினா நான் அம்மாகிட்ட இருந்து சாவியை வாங்கிடறேன். மாட்டு லாரிக்கு அடியில போறதுக்கு முன்னாடி."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஒரு தாய் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் நார்பர்ட் பீன்ஸ் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"பேசாம கோளாறு இல்லைன்னு எழுதிடேன்," என்றேன். "நூத்தறுபது மைல் ஓட்டிப் பாத்தாச்சு. இன்னும் என்ன?"

கரண்டியை வைத்தார். எங்கள் வீட்டில் அவர் குரலை உயர்த்துவது வருஷத்துக்கு ஒரு தடவை.

"எல்மர் வண்டியில கோளாறு இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு எழுதினேன். இதுல இல்லைன்னு எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடிக்கல, அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா?"

"அப்ப என்ன பண்ணப் போற?"

"காரை ஓட்டிப் பாத்துட்டேன். அவங்க ஓட்டறதை இன்னும் பாக்கல."

வியாழக்கிழமை பட்டறையைச் சாத்தினோம். சாவுக்குத் தவிர வேறு எதற்கும் சாத்தியதில்லை. அல்வைனா ஓட்ட, நார்பர்ட் பக்கத்தில், நான் பின்னால் பீராக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். அவள் வலது காலை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது.

ஊரைத் தாண்டி ஏழாவது மைலில் விட்டது. கார் பெருமூச்சு விட்டது மாதிரி தளர்ந்தது.

"பாத்தியா!" என்றாள் அல்வைனா. குரலில் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து இருந்தன.

"கால்?" என்றார் நார்பர்ட், திரும்பாமலே.

"தரையில. அசையவே இல்ல," என்றேன். பிரேக் பக்கம் அவள் கால் போகவே இல்லை என்று நான் பைபிள் மேல் கைவைத்துச் சொல்வேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மறுபடி போட்டாள். மூன்று மைல் கழித்து மறுபடி விட்டது. அப்புறம் உடனே இன்னொரு தடவை. நார்பர்ட் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதிரே ஒரு சோள லாரி வந்தது, போனது, குரூஸ் விட்டது.

"இப்போ என்ன பண்ணீங்க, அல்வைனா?"

"ஒண்ணும் பண்ணலையே!"

"ஜோலின், நீ பாத்தியா?"

"ஒண்ணுமே பண்ணல. நானும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க," என்றார். "விரலைத் தூக்கினீங்க."

"எந்த விரலை?"

"வலது கை. சுட்டுவிரல். லாரிக்காரனுக்கு."

அல்வைனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் சண்டை போட்ட பையன்களைக் கண்ணாடியில் பார்க்கிற அதே பார்வை.

"அதெல்லாம் ஒரு செய்கையாடா? அடுத்து மூச்சு விட்டீங்களான்னு கேப்பியா?"

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் ரெண்டு வழிச் சாலையில் எதிரே வண்டி வந்தால், வணக்கம் சொல்கிற மாதிரி, ஸ்டீயரிங் மேலிருந்து விரல் தானாக எழும். தெரிந்தவரா, தெரியாதவரா என்று விரல் கேட்காது. அந்த லாரிக்கு நானும் பின்சீட்டில் இருந்தபடியே பீராக் தட்டின் மேல் விரலைத் தூக்கியிருந்தேன், ஸ்டீயரிங்கே இல்லாமல். அதனால்தான் நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடியவர் அந்த மாவட்டத்திலேயே ஒரே ஒருவர்தான், ஏனென்றால் அந்தப் பழக்கம் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

"அடுத்த வண்டிக்குத் தூக்காதீங்க," என்றார்.

"தூக்கல."

அடுத்த வண்டி வந்தது. விரல் எழுந்தது. குரூஸ் விட்டது.

"தூக்கினீங்க."

"நான் தூக்கலடா, அது தூக்கிடுச்சு! அவன் லியோவோட மருமகன். அவன் என்ன நினைப்பான்?"

வேறு வழியில்லாமல் நார்பர்ட் கையை நீட்டி அவள் விரலை ஸ்டீயரிங்கோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எதிரே வந்தது தீவனக் கடை டுவேன். நார்பர்ட் லைக்கர் அல்வைனா வாசிங்கரின் கையைப் பிடித்துக்கொண்டு போவதையும், பின்சீட்டில் அவர் பெண்டாட்டி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பதையும் டுவேன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் குரூஸ் விடவில்லை. இன்னும் நாலு வண்டி போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. நாலு தடவையும் விடவில்லை.

ஸ்டீயரிங் வளையத்தைத் தாங்கும் வலது பக்கக் கட்டையில், கட்டைவிரல் படுகிற இடத்தில், குரூஸை விடுவிக்கிற பட்டன் இருந்தது. நகத்தால் தொட்டார். தொட்டதுமே விட்டது. காரை ஓரங்கட்டச் சொன்னார்.

"உள்ளே இருக்கற ரப்பர் செத்துப் போச்சு. நீங்க சுட்டுவிரலைத் தூக்கும்போது பிடி நழுவாம இருக்கக் கட்டைவிரல் உள்ளே அழுந்துது. ஒரு ஈ உக்காந்த கனம் போதும் இதுக்கு. நான் அன்னிக்கு இந்தப் பட்டனை அமுக்கி, வேலை செய்யுதான்னு பாத்தேன். அமுக்காமலே வேலை செய்யுதான்னு பாக்கல. மடையன் நான்."

"அறுவடை வந்தப்புறம்தானே ஆரம்பிச்சுது?" என்றேன்.

"அறுவடைன்னா லாரி. லாரின்னா விரல். இன்டர்ஸ்டேட்டுல யாரும் யாருக்கும் தூக்கறதில்ல. இந்த ரோட்டுல நான் தனியா வந்தப்போ..." என்று நிறுத்தினார்.

"வந்தப்போ நீ யாருக்கும் தூக்கல," என்றேன். விடுவேனா? முப்பத்தாறு வருஷம் காத்திருந்திருக்கிறேன். "இந்த மாவட்டத்துல எந்த மெக்கானிக்கும் பத்தாவது மைல்ல கண்டுபிடிச்சிருப்பான்."

அவர் காது சிவந்துபோனது. அல்வைனா எங்களைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது என் தலையில இல்லையா, நார்பர்ட்?"

"உங்க தலைக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "உங்க மரியாதைதான் கோளாறு."

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கை வராது. அல்வைனா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்மரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் டெனிஸுக்குப் போன் செய்தேன். கண்டுபிடித்தாயிற்று என்றேன். என்ன என்று கேட்டாள். நார்பர்ட் எதிரே நின்று தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

"வந்து பாரு," என்றேன்.

"ஜோலின், என்னன்னு சொல்ல மாட்டேங்கறீங்கன்னா ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம். நார்பர்ட் பாவம் பாக்கறாரு. சின்ன வயசுல அம்மா பஸ்ல போனவரு. நீங்களும் சேர்ந்துக்கிட்டு எனக்கு ஆறுதல் சொல்றீங்க."

நார்பர்ட் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அவர் போனில் பேசி நான் பார்த்தது அபூர்வம்.

"சனிக்கிழமை வா. எதையும் மாத்தாம அப்படியே வெச்சிருக்கேன். நீ ஓட்டு." வைத்துவிட்டார்.

சனிக்கிழமை டெனிஸ் வந்தாள். முகம் உறைந்துபோயிருந்தது. அவள் ஸ்டீயரிங்கில், நார்பர்ட் பக்கத்தில், அல்வைனாவும் நானும் பின்னால். அல்வைனா வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு அதைவிடக் கஷ்டமான தண்டனை கிடையாது, ஆனால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். டெனிஸுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். வலது கை அதே இடத்தில், கட்டைவிரல் அதே கட்டையில்.

அறுபத்தைந்தில் குரூஸ் போட்டாள். "நல்லாத்தானே போகுது," என்றாள் கசப்பாக.

எதிரே தண்ணீர் லாரி வந்தது. போனது. கார் தளர்ந்தது.

"என்ன இது?" பெடலை மிதித்து வேகத்தைப் பிடித்து மறுபடி போட்டாள். அடுத்து ஒரு வெள்ளை பிக்கப், அவளுடைய சுட்டுவிரல் எழுந்தது. மறுபடி விட்டது. டெனிஸ் நார்பர்ட்டைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல."

"ம்."

மூன்றாவது தடவை பின்னால் ஒரு வண்டி நெருங்கி வந்துகொண்டிருந்தது. அவள் பயந்துவிட்டாள். குரல் கிறீச்சிட்டது. "நான் பிரேக்கைத் தொடவே இல்ல! எதையும் தொடல! சத்தியமா தொடல, தானா விட்டுடுது, ஏன் யாரும் நம்ப மாட்டேங்கறீங்க?"

நம்பமாட்டோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கத்திய பிறகுதான், தன் வாயில் அம்மாவின் பேச்சு வந்தது அவளுக்கே கேட்டது. காரைச் சரளைக்கல் ஓரத்தில் இறக்கி நிறுத்தினாள். நார்பர்ட், பாவம், இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், பட்டனைக் காட்டி ரப்பர், கட்டைவிரல் என்று விளக்கத் தொடங்கினார். ஹேஸில் பழைய வண்டிகள் உடைக்கிற இடத்தில் ஒன்று எடுத்து வைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டிவிடுவதாகவும் சொன்னார். அவள் காதில் எதுவும் விழவில்லை. இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். காற்று அவள் தலைமுடியை முகத்தில் அடித்தது.

"அம்மா, நீ ஓட்டு."

அல்வைனா இறங்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி பேசினாள்.

"நீ நம்பலைன்னு எனக்கு வருத்தம் இல்லடி. உங்க அப்பாவைப் பாத்தவ நீ. ஆனா நானே நம்பிட்டேன். தெரியுமா? தினமும் காலையில எழுந்ததும் கட்டில்ல உக்காந்து என் பேரைச் சொல்லிப் பாத்துக்குவேன். அப்புறம் உன் பேரு. அப்புறம் பஸ்ஸுல வந்த பிள்ளைங்க பேரை ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிக்கிட்டே போவேன். முப்பத்தொரு வருஷத்துப் பிள்ளைங்க. ஒரு பேரு வர லேட்டானாக்கூட, சரி, இன்னிக்குத்தான் அந்த நாளுன்னு நினைச்சுக்குவேன்."

டெனிஸ் கதவைப் பிடித்துக்கொண்டே சரளைக்கல்லில் மண்டியிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நார்பர்ட் முன்சீட்டில் திரும்பாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அல்வைனா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெல்ல நீட்டி இறங்கினாள். முன்னால் போய் உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சாலையில் ஏற்றினாள்.